மூளைக்கு டிரில்

பி.டி. சாரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது கோபம்தான். மரியாதையும் இரக்கமும் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும். சில நாள் அவற்றின் முறை வராமலே போய்விடும்.

அவர் எங்கள் வீட்டுக்காரர். கலெக்டர் ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்து, நானும் என் கணவரும் வேங்கிக்காலில் வாடகைக்கு இடம் தேடி அலைந்தபோது அவர் வீட்டு மாடிதான் அமைந்தது. தொண்ணூறுகளின் பின்பாதி அது. சுற்றிலும் பாதி எழுப்பிய சுவர்கள், ஜல்லிக் குவியல், மணல் லாரி. நடுவே அவர் வீடு மட்டும் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்து, வாசலில் செங்கற்களைச் சாய்த்துப் பதித்து, விளையாட்டு விழாவுக்குத் தயாரான பள்ளிக்கூட மைதானம்போல இருக்கும். உயர்நிலைப் பள்ளி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் பி.டி. சார். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

வீடு பார்க்கப் போன அன்று என்ன வேலை, எத்தனை பேர் என்று எதையும் கேட்கவில்லை. என் கணவரின் வயிற்றைப் பார்த்தார். "குனிஞ்சு கால் விரலைத் தொடுங்க பார்க்கலாம்" என்றார். இவர் என்னைப் பார்த்தார், பிறகு குனிந்தார். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரைதான் போக முடிந்தது.

"வீடு குடுக்கறேன். ஆனா தினம் காலைல கீழ வரணும். இந்த வயசுல இப்படின்னா என் வயசுல என்ன ஆவீங்க?"

என் கணவரும் சில நாள் போனார். அதற்கப்புறம் ஆபீஸ் நேரத்தை மாற்றிவிட்டார்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தார். பொய் என்று பி.டி. சாருக்குத் தெரியும். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு வணங்கல" என்பார்.

உடம்புக்கு என்ன வந்தாலும் அவரிடம் ஒரே மருந்துதான். தலைவலியா, நட. முழங்கால் வலியா, உட்கார்ந்து எழு. எதிர்வீட்டில் இரும்புக்கடை வைத்திருந்த பாய் ஒருமுறை காய்ச்சலில் படுத்தார். பி.டி. சார் போய் எழுப்பி, வேர்த்தால் சரியாகிவிடும் என்று மலை சுற்றும் பாதையில் நடக்க வைத்தார். பாதி வழியில் பாய் மயங்கி விழுந்து, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மஞ்சள் காமாலை. மனுஷர் பிழைத்து வந்ததே பெரிது. அவர் வீடு திரும்பிய அன்று பி.டி. சார் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார்:

"நடந்ததாலதான் பாய், நோய் இவ்ளோ சீக்கிரம் வெளிய தெரிஞ்சுது. படுத்தே கெடந்திருந்தா உள்ளுக்குள்ளயே இருந்து ஆளைத் தின்னுருக்கும்."

பாய் அதை நம்பி அவருக்கு நன்றி வேறு சொன்னார். அன்றைக்குத்தான் இந்த மனிதரை நான் புரிந்துகொண்டேன். நல்லது நடந்தால் அவர் சொன்னதைக் கேட்டதால் நடந்தது. கெட்டது நடந்தால், அவர் சொன்னதைக் கேட்டதால் அந்த மட்டோடு போனது. இரண்டுக்கும் வெளியே ஒரு விஷயம் இந்த உலகத்தில் நடக்க அவர் இடமே வைக்கவில்லை.

அவர் மனைவியை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். மெலிந்த உடம்பு, கண்ணில் எப்போதும் ஒரு குறும்பு. வார இதழ்களில் வரும் குறுக்கெழுத்துப் போட்டி ஒன்றையும் விடமாட்டார். கட்டங்களை மனசுக்குள்ளேயே நிரப்பிவிட்டுக் கடைசியில்தான் பேனாவை எடுப்பார். நான் ஆபீஸிலிருந்து திரும்பிப் படியேறும்போது மடக்குவார். "ஏம்மா, மூணெழுத்து, யானைக்கு இன்னொரு பேரு. களிறு வேணாம், வேற சொல்லு." நான் யோசிப்பதற்குள் அவரே சொல்லிவிடுவார். புருஷனைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவரு தூங்கறதைப் பார்த்திருக்கியா? தூக்கத்துலகூட அட்டென்ஷன்லதான் படுப்பாரு" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். ஒரே மகன் பம்பாயில். போனில் பேசுவதோடு சரி.

நாங்கள் குடிவந்த மறு வருஷம் அந்த அம்மா மாறத் தொடங்கினார். ரசத்தில் சர்க்கரை விழுந்தது. அடுப்பில் பால் பாத்திரம் கருகிக் கிடக்க, அவர் பக்கத்திலேயே நாற்காலியில் தூங்கிக்கொண்டிருப்பார். பேச்சு இழுத்தது. குரல் ஆண்குரல்போலக் கரகரவென்று ஆனது. முகமும் கால்களும் உப்பின. வெயிலில் தார் உருகும் சித்திரையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். "குளுருதும்மா" என்பார். குறுக்கெழுத்துப் பக்கங்கள் பிரிக்காமலே பழைய பேப்பர்காரனிடம் போயின. ஒருநாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். மாடிப்படியில் நின்று அழுதேன்.

"சோம்பேறித்தனம்" என்றார் பி.டி. சார். "ரிட்டயர்டு ஆனது நானு. படுத்துக்கறது இவ."

காலையில் அவரோடு நடக்க வரும் கூட்டத்தில் ஒரு டாக்டர் உண்டு. அவரிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். மூளைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். அதை என்னிடம் சொன்னபோது பி.டி. சார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பார்த்தியாம்மா, நான் இத்தனை வருஷமா சொல்றதையே டாக்டரும் சொல்றாரு. கை கால் மாதிரிதான் மூளையும். டிரில் குடுத்தா வேலை செய்யும்."

"நேர்ல பார்க்கணும்னு சொல்லலையா சார்?"

"ஒரு தடவை கூட்டிட்டு வாங்கன்னாரு. எதுக்கு? அதான் வழியச் சொல்லிட்டாரே."

அடுத்த பௌர்ணமிக்கு மலை சுற்றப் போனவர், பாதையோரக் கடையிலிருந்து ஒரு பிரிக் கேம் வாங்கிவந்தார். உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் நிறப் பெட்டி. சின்னத் திரையில் மேலிருந்து கல் கல்லாக விழும். திருப்பித் திருப்பி அடுக்கி ஒரு வரிசை நிரம்பினால் அது மறையும். அடுக்கத் தவறினால் கற்கள் மேலே வரை ஏறி ஆட்டம் முடிந்துவிடும். அப்போது எல்லா வீட்டுப் பிள்ளைகள் கையிலும் அது இருந்தது. பென்சில் பேட்டரி போட்டு முடுக்கினால் கீச்சுக் குரலில் ஒரு பாட்டுப் பாடிவிட்டுத்தான் ஆட்டம் தொடங்கும்.

மறுநாளிலிருந்து அந்தப் பாட்டுதான் எங்களை எழுப்பியது. குளித்ததும் அம்மாவைக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார். எதிரில் தான் நிற்பார். உட்காரமாட்டார். கழுத்தில் பள்ளிக்கூடத்து விசில். கல் தப்பான இடத்தில் விழுந்தால் ஒரு ஊது.

நான் முதலில் அதை நம்பவில்லை. தெருவில் பிள்ளைகள் யாரோ ஊதுகிறார்கள் என்று நினைத்தேன். தண்ணீர் பிடிக்கக் கீழே இறங்கிய ஒரு நாள் ஜன்னல் வழியே கண்ணால் பார்த்தேன். விசில் ஊதும்போதெல்லாம் அந்த அம்மாவின் தோள் ஒரு தரம் தூக்கிப்போட்டது. திரையில் கல் விழுவதைப் பார்ப்பாரா, இவர் வாயைப் பார்ப்பாரா?

"என்ன சார் இது, நாய்க்குப் பழக்கற மாதிரி?" என்று கேட்டேவிட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பொறுமையாக விளக்கினார். "கண்டிப்பு இல்லாம பயிற்சி கெடையாதும்மா. எங்கிட்டப் படிச்ச பசங்க எவ்ளோ பேரு போலீஸ்ல இருக்கான் தெரியுமா? எல்லாம் இந்த விசில்தான்."

சொன்ன கணக்குக்கு வரிசை மறையாமல் காலைக் காப்பி கிடையாது என்று அவர் வைத்திருந்த சட்டம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் நடக்கப் போன நேரத்தில் நான் ஒரு தம்ளர் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். மடியிலிருந்த பெட்டியைக் காட்டி, அந்தக் கரகரத்த குரலில், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

"இது விழறதுக்குள்ள... நான் யோசிச்சாகணும்மா. நான் யோசிக்கறதுக்குள்ள... விழுந்துடுது."

நான் என் கணவரிடம் சண்டை போட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்றேன். "அவங்க குடும்ப விஷயம், நாம குடியிருக்கறவங்க" என்றார். மகன் வந்த ஒரு விடுமுறையில் அவனிடமும் சொன்னேன். "அப்பா பார்த்துக்கறாரு அக்கா. அவர் எவ்ளோ அக்கறையா தினமும் உக்காத்தி வெக்கறாரு" என்றான். அவனும் அந்த விசிலுக்கு வளர்ந்தவன்தான். பி.டி. சாரிடம் நான் கேட்காத நாளில்லை. ஒவ்வொரு தடவையும் அதே பதில்: "முன்னேற்றம் இருக்கும்மா. நேத்தைக்கு இன்னிக்கு ஜாஸ்தி."

முன்னேற்றம் எப்படி வந்தது என்பதையும் பார்த்தேன். கல் விழும் வேகத்தை அவரே குறைத்து வைத்திருந்தார்.

அவர் பயந்தும் நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஒரு மத்தியானம் வாடகை கொடுக்கப் போயிருந்தேன். அம்மா பி.டி. சாரை நிமிர்ந்து பார்த்து, "குழாய் ரிப்பேருக்கு வந்தீங்களா? அவர் வீட்ல இல்லையே" என்றார். பி.டி. சார் முகத்தில் ரத்தம் இல்லை. நின்ற இடத்திலேயே நின்றார். அம்மாவுக்கும் ஏதோ தப்பு என்று புரிந்துவிட்டது. எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தார். பி.டி. சார் அதை உதறிவிட்டு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்தார். பொத்தான்களைத் தப்புத் தப்பாக அழுத்தினார். "உக்காரு. ஆரம்பி" என்றார்.

மனைவி தன்னைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த பயம் உண்மை. ஆனால் பயந்த மனிதன் தெருவில் இறங்கி யாரையாவது கூப்பிடுவான். இவர் கதவைச் சாத்திக்கொண்டு விசில் ஊதினார். அவர் பயத்துக்காக என் கோபத்தைக் கம்மி பண்ணிக்கொள்ள என்னால் முடியவில்லை.

அந்த வருஷம் மார்கழி கடுமையாக இருந்தது. பனியில் மலை தெரியவில்லை. ஒரு காலை ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கீழே பெட்டியின் பாட்டு கேட்டது. நின்றது. மறுபடி முதலிலிருந்து கேட்டது. நின்றது. மறுபடி. ஆட்டம் தொடங்கவே இல்லை. பாட்டு மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. தலையை வாரிக்கொண்டிருந்தவள் சீப்போடு இறங்கி ஓடினேன்.

அம்மாவைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மடியில் பெட்டி. பி.டி. சார் முட்டி போட்டு உட்கார்ந்து, அம்மாவின் கட்டைவிரலைத் தன் விரல்களால் பிடித்துப் பொத்தானின்மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"எழுந்துக்க மாட்டேங்கறா" என்றார் என்னைப் பார்த்து. "ஒரு ஆட்டம் ஆடினா தூக்கம் கலைஞ்சுடும்."

அம்மாவின் கையைத் தொட்டேன். சிமெண்டுத் தரைபோலச் சில்லென்று இருந்தது. அந்தப் பெட்டியைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். "தள்ளுங்க சார்" என்று கத்தினேன். அவர் தள்ளவில்லை. என் கணவர் வந்து அவர் தோளைப் பிடித்து விலக்க வேண்டியிருந்தது. பாய் எதிர்வீட்டிலிருந்து லுங்கியோடு ஓடிவந்து ஆட்டோ பிடித்தார்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். கண்ணிமையைத் தூக்கினார், கழுத்தைத் தடவினார், முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தார்.

"குரல் எப்ப மாறுச்சு? குளிர் தாங்க மாட்டாங்களா? முடி கொட்டுச்சா?"

ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொன்னேன். பி.டி. சார் குறுக்கே புகுந்தார். "மூளைப் பயிற்சி குடுத்துட்டுத்தான் இருக்கோம் மேடம். தினமும். ஒரு நாள்கூட விட்டதில்ல."

டாக்டர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "பெரியவரே, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார்.

ஆம்புலன்ஸில் வேலூருக்கு அனுப்பினார்கள். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி வேலை செய்வதை நிறுத்திப் பல காலம் ஆகியிருக்கிறது. மந்தம், மறதி, குளிர், வீக்கம், குரல், எல்லாம் அதனால்தான். தினம் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டால் போதும். முன்பே ஒரு ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. கூடப் போயிருந்த என்னிடம் வேலூர் டாக்டர், "மூளை நல்லாத்தாம்மா இருக்கு. அதைப் பட்டினி போட்டுட்டு ஓடு ஓடுன்னு வெரட்டியிருக்காங்க" என்றார்.

அம்மா மெதுவாகத் திரும்பினார். முதலில் வீக்கம் வடிந்தது. பிறகு ஸ்வெட்டர் பெட்டிக்குள் போனது. குரலில் இருந்த கரகரப்பு ஒவ்வொரு சுற்றாகக் கழன்றது. வெயில் காலம் முடிவதற்குள் என்னை மறுபடி படியில் மடக்கி, இடமிருந்து வலம் என்று கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு விடை தெரிந்தபோதும் தெரியாது என்றேன். அவர் வாயால் கேட்க வேண்டும்போல இருந்தது.

பி.டி. சார் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "கேம்தான் காப்பாத்துச்சு. மூளையை விடாம ஓட்டிட்டே இருந்ததாலதான் மாத்திரை போட்டவுடனே புடிச்சுக்கிச்சு. இல்லைன்னா மாத்திரை எங்க போய் வேலை செய்யும்?" நான் உடைத்ததற்குப் பதிலாகப் புதுப் பெட்டி ஒன்றும் வாங்கிவிட்டார். காலை நடைக் கூட்டத்தில் வயதானவர்களுக்கெல்லாம் சிபாரிசு செய்தார். இரண்டொருவர் வாங்கியும் விட்டார்கள். பார்க்கிறவர்கள் என்னிடம், "உங்க ஹவுஸ் ஓனர் மாதிரி பொண்டாட்டியைப் பார்த்துக்கிட்டவர் உண்டா?" என்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் கூடத்தில் பாயும் இன்னும் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் மோட்டார் போடச் சொல்ல வந்திருந்தேன். பி.டி. சார் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா காப்பி கொண்டுவந்தார்.

"அவளையே கேளுங்க" என்றார் பி.டி. சார். "சொல்லு, இது இல்லைன்னா நீ என்ன ஆயிருப்ப?"

அம்மா எல்லோருக்கும் தம்ளர் கொடுத்து முடித்தார். அப்புறம் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். குரல் உயரவே இல்லை.

"கல்லு தப்பா விழுந்தா விசில் ஊதினீங்க. ஞாபகம் இருக்கு. வரிசை மறையலைன்னா காப்பி இல்லைன்னீங்க. ஞாபகம் இருக்கு. உங்களை யாருன்னு தெரியாம நான் கேட்டேன் பாருங்க, அன்னிக்கு எனக்குத்தான் உங்களைவிட பயம். அதான் வந்து கையைப் புடிச்சேன். உதறிட்டீங்க. அதுவும் ஞாபகம் இருக்கு. எனக்கு ஒண்ணும் மறக்கல. சொல்லத்தான் வாய் வரல, அப்ப."

பாய் தம்ளரை வாயருகே வைத்தபடி குடிக்காமல் இருந்தார். பி.டி. சார் மனைவியை வெறித்தார். அவர் தாடை ஒருமுறை அசைந்தது. இப்போதாவது இந்த மனிதர் தலை குனிவார் என்று நான் காத்திருந்தேன்.

அவர் பாய் பக்கம் திரும்பினார்.

"பார்த்தீங்களா பாய், எப்படி ஞாபகம் வெச்சிருக்கா. எல்லாம் பயிற்சி."

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் மோட்டார் விஷயத்தைச் சொல்லாமலே மேலே ஏறினேன்.

அதற்கடுத்த மாதம் என் கணவருக்குச் செய்யாற்றுக்கு மாற்றல் வந்தது. நானும் அங்கேயே கேட்டு வாங்கிக்கொண்டேன். சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா மேலே வந்தார். வெறும் அறைகளைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தார்.

"சாவியை அவர்கிட்ட குடுக்காத. எங்கிட்ட குடு" என்றார்.

லாரி கிளம்பும்போது பி.டி. சார் வாசலில் கை நீட்டிக்கொண்டு நின்றார். நான் அவரைத் தாண்டிப்போய்ச் சாவியை அம்மா கையில் வைத்தேன்.

"மாடிச் சாவி உனக்கெதுக்கு?" என்றார்.

"நான் மேல போறேன்."

"எத்தினி நாளைக்கு?"

அம்மா உள்ளே போய்த் தன் சாமான்களை எடுக்க ஆரம்பித்தார். துணி, பாத்திரம், ஒரு கோரைப்பாய், மாத்திரை டப்பா, மூலையில் சேர்ந்திருந்த வார இதழ்கள். எல்லாவற்றையும் அவரே மாடிக்கு ஏற்றினார். ஸ்டவ்வை மட்டும் நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். லாரி டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

தெரு பேசியது. இந்த வயதில் புருஷனைக் கீழே விட்டுவிட்டு ஒரு பொம்பளை மாடியில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதா என்றது. மகன் பம்பாயிலிருந்து வந்து சமாதானம் பேசிப் பார்த்தான். அம்மா அவனுக்கு மாடியில் சோறு போட்டு அனுப்பிவிட்டார். இதெல்லாம் பாய் வீட்டம்மா எனக்குப் போனில் சொன்னது.

மறு வருஷம் கார்த்திகை தீபத்துக்குப் போனபோது பார்க்கப் போனேன். கேட்டருகே பி.டி. சார் நின்றிருந்தார். இளைத்திருந்தார். சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாகிவிட்டது. முதுகு மட்டும் அப்படியே நிமிர்ந்திருந்தது. தானே சமைத்துக்கொள்கிறார் போலும், விரலில் தீக்காயம் ஆறிய தழும்பு. ஒரு கணம் இரக்கம் வரிசையைத் தாண்டி முன்னால் வரப் பார்த்தது.

"வாம்மா. அவ மேலதான் இருக்கா" என்றார். அப்புறம் நான் கேட்காமலே, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: "படி ஏறி எறங்கறது மூளைக்கு ரொம்ப நல்லதும்மா. ரத்த ஓட்டம். நான்தான் அவளை மேல போய் இருக்கச் சொன்னேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. இரண்டிரண்டு படியாக ஏறினேன். அம்மா ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து பென்சிலால் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடியே பி.டி. சார் சொன்னதையெல்லாம் கொட்டினேன். "நீங்க அவரை விட்டு வந்ததைக்கூட அவர் குடுத்த பயிற்சிங்கறாரும்மா. சும்மா விடறீங்களே, போய் நாலு வார்த்தை கேக்க வேணாமா?"

அம்மா கட்டத்தில் எழுதிக்கொண்டிருந்த வார்த்தையை முடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினார்.

"சொல்லிட்டுப் போறாரு" என்றார். "கீழ இருந்துதான சொல்றாரு."